மூக்குக்கு மூக்கு வேறு: மோப்ப மரபணுக்கள் குறித்த வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரசத்தில் கொத்தமல்லித்தழை மிதக்க வேண்டும். மருமகள் மட்டும் "சோப்பு நாத்தம் அடிக்குது அத்தை" என்று ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி ஓரம் வைக்கிறாள். இது பிடிவாதமா, நிஜமாகவே அப்படித் தெரியுமா?
*வாசகி, திண்டுக்கல்*

நிஜமாகவே தெரியும். கொத்தமல்லித்தழையின் மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள். டெக்கனாலும் அதன் உறவினர்களும். இதே குடும்பத்துச் சேர்மங்கள் சோப்பிலும் உண்டு, மூட்டைப்பூச்சியை நசுக்கினால் கிளம்பும் நெடியிலும் உண்டு. ஆகவே உங்கள் மருமகள் இல்லாத வாடையைச் சொல்லவில்லை. இலையில் இருப்பதில் ஒரு பகுதி அவருக்கு ஓங்கித் தெரிகிறது. உங்களுக்கு மற்ற பகுதி ஓங்கித் தெரிகிறது.

2012இல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனம், ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 14,600 பேரிடம் "கொத்தமல்லியில் சோப்பு வாடை வருகிறதா?" என்று கேட்டு, பதில்களை அவர்களுடைய டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டது. 11ஆவது குரோமோசோமில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்கள் "ஆம்" என்று சொல்வது கூடுதலாக இருந்தது. அந்த இடத்தைச் சுற்றிப் பல மோப்ப மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஓஆர்6ஏ2 மீதுதான் சந்தேகம் விழுந்தது. எலிகளில் இதற்கு இணையான ஏற்பி (வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) ஆல்டிஹைடுகளைப் பிடிப்பது 1998லேயே தெரிந்திருந்தது.

இதை வைத்துப் பத்திரிகைகள் "கொத்தமல்லி வெறுப்பு மரபணு" என்று எழுதிவிட்டன. அது அதிகப்படி. அதே ஆய்வின் கணக்குப்படியே, சோப்பு வாடை தெரிவதில் பொதுவான மரபணு மாற்றங்களின் பங்கு சிறியதுதான். பழக்கத்துக்கும் பெரிய இடம் உண்டு. கனடாவில் இளைஞர்களிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பில் கொத்தமல்லி பிடிக்காதவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 21 பேர், தெற்காசியரில் 7, மத்திய கிழக்கு நாட்டினரில் 3. தழையைத் தினமும் கிள்ளிப் போடும் சமையலறைகளில் வளர்ந்தவர்களிடம் வெறுப்பு குறைவு என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

மருமகளின் சங்கடம் மூக்கில்தான் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு இலையை மென்று, பாதியில் விரலை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த நொடியில் சோப்பு வரும். அதுவரை வெறும் தழைதான். நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பகுதி வாய்க்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசனை.

தழையை முழுதாகத் தூவாமல் நன்றாக அரைத்துச் சற்று வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நசுங்கும்போது இலையிலுள்ள நொதிகளே ஆல்டிஹைடுகளை உடைக்கத் தொடங்கிவிடும். கடைசியில் போடாமல் கொதிக்கும்போதே போட்டாலும் பாதி ஆவியாகிவிடும். தனியாவில் அவருக்குச் சிக்கல் இருக்காது. காய்ந்த கொத்தமல்லி விதையின் எண்ணெயில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைய லினலூல் என்ற வேறு வகை வாசனைச் சேர்மம். அது வேறு சங்கதி. சாம்பார்ப் பொடியை மாற்ற வேண்டாம்.

மூக்கில் சில நூறு மரபணுக்கள்தான் என்கிறார்கள். நாம் ஆயிரக்கணக்கான வாசனைகளைப் பிரித்தறிகிறோமே, எப்படி? ஓஆர்6ஏ2 போன்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

பெயரை முதலில் முடித்துவிடலாம். "ஓஆர்" என்பது மோப்ப ஏற்பி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 6 குடும்ப எண், ஏ உட்குடும்பம், 2 அதில் வரிசை எண். கடைசியில் ஒரு "பி" ஒட்டியிருந்தால் அது செத்த மரபணு. வரிசை இருக்கும், உருப்படியான புரதம் உருவாகாது. 51 முதல் 56 வரையிலான குடும்பங்கள் தனிப் பிரிவு. மீன்களில் உள்ள பழைய வகைக்கு நெருக்கமானவை. ஒவ்வொரு மரபணுவும் கச்சிதமானது: புரதத்துக்கான செய்தி ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளத்தில், பெரும்பாலும் நடுவில் வெட்டுப்படாமல் ஒரே துண்டாக இருக்கும். அதிலிருந்து சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் உருவாகி, செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்கும்.

இந்த மோப்ப ஏற்பி மரபணுக்களை 1991இல் எலிகளில் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல். 2004இல் இருவருக்கும் நோபல் பரிசு. மனிதர்களில் வேலை செய்பவை 400 அளவில். அவற்றைவிடக் கூடுதலானவை பழுதாகிக் கிடக்கின்றன. ஆப்பிரிக்க யானைக்கு வேலை செய்பவை மட்டும் 2,000ஐ நெருங்கும். இன்னொரு விசேஷம்: எந்த மரபணு பழுது என்பதே ஆளுக்கு ஆள் மாறும். உங்களிடம் உயிரோடு இருக்கும் ஏற்பி பக்கத்து வீட்டுக்காரரிடம் செத்திருக்கலாம்.

இப்போது வேலை நடக்கும் விதம். மூக்குக் குழியின் மேற்கூரையில், இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர செ.மீ. பரப்பில் மோப்பத் திசு இருக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு நரம்பணுவும் 400 மரபணுக்களில் ஒன்றே ஒன்றைத்தான் இயக்கும். அதிலும் அப்பாவிடமிருந்து வந்த பிரதி அல்லது அம்மாவிடமிருந்து வந்த பிரதி, ஒன்று மட்டும். வாசனை மூலக்கூறு சளியில் கரைந்து ஏற்பியில் பொருந்தினால் செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-புரதம் தூண்டப்படும். சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகும், அயனி வாயில்கள் திறந்து சோடியமும் கால்சியமும் உள்ளே வரும், குளோரைடு வெளியேறும், நரம்பணு மின்துடிப்பை அனுப்பும். அதன் இழைகள் சல்லடை போலத் துளையிட்ட எலும்பு வழியாக மூளையின் அடியிலுள்ள மோப்பக் குமிழுக்குப் போகின்றன. ஒரே வகை ஏற்பி கொண்ட நரம்பணுக்கள் எங்கே சிதறிக் கிடந்தாலும், குமிழில் ஒரே புள்ளியில் வந்து சேரும்.

ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தொடும். ஓர் ஏற்பியைப் பல மூலக்கூறுகள் தொடும். மூளை படிப்பது எந்தெந்தப் புள்ளிகள் சேர்ந்து எரிகின்றன என்பதை. அதே புள்ளிகளை வேறு விதமாக இழுத்தால் வேறு கோலம் வருகிறதல்லவா, அதுபோல. 1999இல் லிண்டா பக்கின் குழு இதைச் செல் செல்லாகக் காட்டியது. செறிவு மாறினாலும் கோலம் மாறும். மல்லிகைப் பூவில் இண்டோல் என்றொரு சேர்மம் இருக்கிறது. துளியளவில் அது பூவுக்குக் கனம் தருகிறது. அளவு கூடினால் அதே இண்டோல் மல நெடி. மலர்ந்து வதங்கும் மல்லிகைச் சரத்தை மூடிய அறையில் வைத்துத் தூங்கியவர்களுக்கு இது புரியும்.

சமையலறையில் கேஸ் கசிவது எனக்குச் சட்டென்று தெரிகிறது. 68 வயதுக் கணவருக்குத் தெரிவதே இல்லை. அடுப்பு பக்கத்திலேயே நின்றுகொண்டு "ஒன்னும் இல்லையே" என்கிறார். பயமாக இருக்கிறது.
*வாசகி, சேலம்*

பயப்பட வேண்டியதுதான். சிலிண்டர் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். இந்த எரிவாயு காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு ஆனாலே தீப்பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 சதவீதம் இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கலப்பதற்கான அளவுகோல். இத்தகைய சிறிய கந்தகச் சேர்மங்களுக்கென்று மனித மூக்கில் ஓஆர்2டி11 என்ற ஏற்பி உண்டு. தாமிர அயனி துணைக்கு நின்றால் அது மிக நுட்பமாகப் பிடிக்கும். நல்ல மூக்கு இதை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுகொள்வதற்கு இதுதான் காரணம்.

கணவருக்குத் தெரியாமல் போக மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது வயது, 60க்கு மேல் மோப்பத் திசு மெலிகிறது, பெரும்பாலோர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இரண்டாவது, பழகிப்போதல். கசிவுள்ள அறையில் சில நிமிடம் நின்றுவிட்டால் ஏற்பிகள் ஓய்ந்துவிடும். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. "அடுப்பு பக்கத்திலேயே நின்றுகொண்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவரைத் தெருவுக்கு அனுப்பி, ஐந்து நிமிடம் கழித்து உள்ளே கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். அதற்காகக் கேஸைத் திறந்துவிட வேண்டாம். பெருங்காயம் போதும், அதுவும் கந்தக வாடைதான். மூன்றாவது, சளி, மூக்கடைப்பு, மூக்கில் சதை வளர்ச்சி. இது மருத்துவர் சரிசெய்யக்கூடியது.

எது காரணமானாலும் மூக்கை நம்பி இருக்கக் கூடாது. கசிவு உணரும் கருவி வாங்கி மாட்டுங்கள். மாட்டுகிற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். கருவி தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு மீத்தேன், லேசானது. அதற்குக் கூரைக்கு அருகில் மாட்ட வேண்டும். நிறுவுபவர் சௌகரியத்துக்காகக் கண்மட்டத்தில் ஆணி அடித்துவிட்டுப் போனால் இரண்டுக்கும் உதவாது. கசிவு என்று தெரிந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

பன்றிக்கறி சிலருக்கு மூத்திர வாடை அடிக்கிறதாம், சிலருக்கு இல்லையாம். இதுவும் மரபணுவா?
*வாசகர், நாகர்கோவில்*

மோப்ப மரபணுக்களிலேயே மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கு இதுதான். காயடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற சேர்மம் சேர்கிறது. அதை முகர்ந்தால் சிலருக்கு மூத்திரமும் வியர்வையும் கலந்த நெடி, சிலருக்கு இனிய, பூ போன்ற மணம், சிலருக்கு எதுவுமே இல்லை. இந்த மூவரும் ஒரே குடுவையைத்தான் முகர்கிறார்கள்.

2007இல் ஓஆர்7டி4 என்ற மரபணு பிடிபட்டது. இது 19ஆவது குரோமோசோமில் உள்ளது. பொதுவாகக் காணப்படும் இரண்டு வடிவங்களுக்கு இடையே இரண்டே இரண்டு அமினோ அமில வித்தியாசம். 88ஆவது இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் டிரிப்டோஃபேன், 133ஆவது இடத்தில் திரியோனைனுக்குப் பதில் மெத்தியோனைன். மாறிய வடிவம் ஆய்வகத் தட்டில் ஆண்ட்ரோஸ்டெனோனுக்குக் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியும் மாறாத வடிவமாக அமைந்தவர்களுக்குத்தான் நெடி கடுமையாகத் தெரியும். புரதத்தை ஆய்வகத்தில் சோதித்து, அதே மனிதர்களை முகர வைத்து, இரண்டும் பொருந்துவதைக் காட்டியதுதான் இந்த ஆய்வின் பலம். கொத்தமல்லி வழக்கில் இந்த அளவு சாட்சியம் இல்லை.

ஆனாலும் மரபணு முடிவான தீர்ப்பில்லை. 1989இல் ஓர் ஆய்வில், ஆண்ட்ரோஸ்டெனோன் தெரியாத 20 பேரைத் தினம் மூன்று வேளை, ஆறு வாரம் முகர வைத்தார்கள். பாதிப் பேருக்கு வாசனை தெரியத் தொடங்கியது.

கறி வாங்குபவருக்கு: பெண் பன்றியோ, குட்டியிலேயே காயடித்ததோ என்றால் இந்த வாடை இராது. ஐரோப்பாவில் ஆண் குட்டிகளைக் காயடிப்பதே இதற்காகத்தான். கொழுப்பில் தங்கும் சேர்மம் என்பதால் கறியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. கொழுப்பை வெட்டி நீக்கினால் குறையும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டுக் கொழுப்பைச் சூடான சட்டியில் போட்டு, சமைப்பவரைத் தவிர இன்னும் இரண்டு பேரை முகரச் சொல்லுங்கள்.

கருவாட்டு வாடையும் இதே கணக்கா?
*வாசகர், தூத்துக்குடி*

ஓரளவு. கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில்அமைனைப் பிடிப்பது ஓஆர் குடும்பம் அல்ல, டார்5 என்ற வேறு சிறு குடும்பத்து ஏற்பி. ஐஸ்லாந்தில் 9,000க்கும் மேற்பட்டோரை முகர வைத்து 2020இல் வெளியான ஆய்வில், இதில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்குக் கவிச்சி அவ்வளவாகத் தொந்தரவு தரவில்லை. மீன் வாடையை முகர்ந்துவிட்டுச் சிலர் "கேரமல்", "ரோஜா" என்று சொல்லியிருக்கிறார்கள். புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் இந்த அமைன் அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறிவிடும். புளி ஊற்றிய மீன் குழம்பில் கவிச்சி அடங்குவது அதனால்.

கோவிட் வந்து போன பிறகு வாசனை முழுதாகத் திரும்பவில்லை. "முகர்வுப் பயிற்சி" செய்யச் சொல்கிறார்கள். வீட்டில் எப்படிச் செய்வது? காபி இப்போது தீய்ந்த ரப்பர் மாதிரி இருக்கிறது.
*வாசகி, தாம்பரம்*

கொரோனா வைரஸ் பிரதானமாகத் தாக்குவது மோப்ப நரம்பணுக்களை அல்ல, அவற்றைச் சுற்றி நின்று தாங்கும் செல்களை. வைரஸ் நுழையும் வாசலான ஏசிஇ2 அவற்றில்தான் இருக்கிறது. தாங்குபவை சரிந்தால் நரம்பணுக்களும் ஒடுங்குகின்றன. நல்ல செய்தி, மோப்ப நரம்பணுக்கள் அடிச்செல்களிலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. அவற்றின் இழைகள் குமிழில் சரியான புள்ளியைத் தேடிச் சேர மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் ஏற்பிகளில் சில மட்டும் தயாராக இருப்பதால் அரைகுறைக் கோலம் மூளைக்குப் போகிறது. காபி கெட்டுப்போனதாகத் தெரிவது அதனால். வறுத்த காபியிலுள்ள ஒரு கந்தகச் சேர்மம் மிகக் குறைந்த அளவிலேயே ஏற்பியைத் தூண்டக்கூடியது. முதலில் அதுதான் உரக்கத் தெரிகிறது. வறுத்த வெங்காயம், பொரித்த கோழி, தாளிப்பு என்று வறுபடும் எல்லாவற்றிலும் இந்த வகை உண்டு. கொஞ்ச காலம் தயிர் சாதம், இட்லி, ஆறிய உணவு என்று ஓட்டுங்கள். பலருக்கு இந்தக் கோணல் கட்டம் மீட்சியின் ஒரு பகுதிதான்.

பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் சோதித்து வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை, தினம் இரண்டு வேளை, 12 வாரம். நம் வீட்டில்: இறுக மூடும் நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் ஒன்றிரண்டாக இடித்த கிராம்பு ஏழெட்டு. ஒன்றில் எலுமிச்சைத் தோல் சீவல். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒன்றில் பஞ்சில் நனைத்த ரோஜா எண்ணெய். பன்னீர் சீக்கிரம் மங்கிவிடும். ஒன்றில் பஞ்சில் நீலகிரித் தைலம், ஒரே சொட்டு. காலையில் சாப்பிடும் முன், இரவில் படுக்கும் முன், ஒவ்வொன்றையும் மூக்கிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடித்து, 20 விநாடி குட்டிக் குட்டியாக முகருங்கள். ஆழ்ந்து இழுக்க வேண்டாம். அடுத்த புட்டிக்கு முன் அரை நிமிடம் இடைவெளி. முகரும்போது அது என்ன வாசனை என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். தினமும் எழுதினால் சோர்ந்துபோவீர்கள்.

தவறு நடக்கும் இடங்கள். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுவது முதலாவது. 12 வாரத்துக்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள், பிறகு வேறு நான்கு வாசனைக்கு மாறித் தொடரலாம். தைலம், கற்பூரம், அம்மோனியா "தெரிகிறது" என்று மகிழ்வது இரண்டாவது. அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் ஐந்தாவது மூளை நரம்பு வழியாக வருபவை. மோப்பம் முழுக்கப் போனவருக்கும் தெரியும். நீலகிரித் தைலத்தில் "சில்"லென்று இருந்து கிராம்பில் ஒன்றும் இல்லையென்றால் மதிப்பெண் பூஜ்யம்தான். மூன்றாவது, கைவைத்தியம். துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல்லே மோப்பத்தை அழித்ததாகப் புகார்கள் வந்து, 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மூக்குக்குள் எதையும் சொந்தமாக ஊற்றாதீர்கள்.

என் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது. வயது 16, குரல் உடையவில்லை, மீசையும் அரும்பவில்லை. "சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும்" என்கிறார்கள்.
*வாசகர், ஈரோடு*

காத்திருக்க வேண்டாம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கால்மன் நோய்த்தொகுதியை உடனே பார்க்க வேண்டும். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் கருவில் மூக்கில்தான் உருவாகி, மோப்ப நரம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகின்றன. அந்தத் தடம் அமையாவிட்டால் மோப்பமும் இல்லை, பருவமும் வராது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஏஎன்ஓஎஸ்1 முதலிய பல மரபணுக்கள் இதற்குக் காரணமாகலாம். ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். காலையில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச் என்ற பருவ ஹார்மோன்களின் அளவைப் பார்ப்பார்கள். மோப்பக் குமிழ் தெரியும்படி எம்ஆர்ஐ. பரிசோதனைக்குப் போகும்போது "வாசனை தெரியாது" என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்காமல் விடப்படுவது அந்த ஒரு கேள்விதான். ஹார்மோன் சிகிச்சையால் பருவம் வரும், பிற்காலத்தில் குழந்தைப்பேறும் பலருக்குச் சாத்தியம். மோப்பம் திரும்பாது, அதனால் மேலே சொன்ன கேஸ் கருவி இவர் தங்கும் எந்த அறைக்கும் வேண்டும்.

எச்சில் கொடுத்துச் செய்யும் டி.என்.ஏ. சோதனையில் என் மூக்கின் திறமை தெரியுமா?
*வாசகர், புதுச்சேரி*

தெரியாது. கொத்தமல்லி போன்ற ஓரிரு வேடிக்கை விஷயங்களுக்கு "வாய்ப்பு சற்றுக் கூடுதல்" என்று சொல்வார்கள், அவ்வளவே. மூக்கின் திறமையை அளக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முகர்வுக் குச்சிகளைக் கொண்ட சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் எவ்வளவு மெல்லிய வாசனை வரை தெரிகிறது, இரண்டைப் பிரிக்க முடிகிறதா, பெயர் சொல்ல முடிகிறதா என்று மூன்றையும் தனித்தனியே பார்ப்பார்கள். பட்டியலில் நீங்கள் அறியாத வெளிநாட்டுப் பழங்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாமல் இழந்த மதிப்பெண் மூக்கின் கணக்கில் போய்ச் சேரும்.